ஆன்கா என்றொரு பெயர்

திண்டுக்கல்லுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், ஊரில் சின்னப் பிள்ளைகூட மலைக்கோட்டைப் பாறையைக் கைநீட்டிக் காட்டும். சாய்ந்து உட்காரப் போட்ட திண்டு போலக் கிடக்கிறது பாறை; ஆகவே திண்டுக்கல். அது என்ன வகைக் கல், எந்தக் காலத்தில் உறைந்தது என்பதெல்லாம் பெயரில் கிடையாது. பெயர் வைத்தவர் நின்ற இடத்திலிருந்து அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான்.

மருத்துவப் பெயர்களில் பலவும் இப்படிப் பிறந்தவையே. கண்டவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படி ஒரு பெயர். இல்லையென்றால் கண்டவரின் பெயரே நோய்க்குப் பெயர். பிறகு இன்னொருவர் வேறு கண்ணாடி வழியாகப் பார்ப்பார், பெயர் மாறும். இப்படி நாலைந்து முறை சட்டை மாற்றிய ஒரு பெயர் இப்போது நம் வட்டாரத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளிலும் தலைகாட்டுகிறது. ஏ, என், சி, ஏ என்று நான்கு ஆங்கில எழுத்து. டாக்டர்கள் சேர்த்துப் படிப்பது ‘ஆன்கா’.

யாருக்கு இந்தப் பரிசோதனை எழுதுகிறார்கள்? மூக்கில் மாதக்கணக்காகப் பொருக்குக் கட்டி ரத்தம் வருகிறவர். சளியில் ரத்தம் கண்டவர். காலில் சிவப்புப் புள்ளி புள்ளியாக எழும்பி, அமுக்கினாலும் மறையாதவர். பாதம் மதமதவென்று மரத்து, ஒருநாள் காலையில் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடந்தவர். ‘ஒண்ணுக்கு நுரையா போகுது, ரத்தத்துல உப்பு கூடிருச்சுன்னு சொல்றாங்க’ என்று ஸ்கேனும் கையுமாக அலைகிறவர். மூக்கு, நுரையீரல், தோல், நரம்பு, சிறுநீரகம் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத இடங்களில் வரும் இத்தனை கோளாறுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கக்கூடும்: ரத்தம் ஓடும் சின்னஞ்சிறு குழாய்களின் சுவர் வெந்து புண்ணாவது. மருத்துவ நூல்கள் இதை வாஸ்குலைட்டிஸ் என்கின்றன. வாஸ் என்றால் லத்தீனில் பாண்டம். வாஸ்குலம், சின்னப் பாண்டம். ஐட்டிஸ் என்பது கிரேக்கத்தில் ‘அதைச் சேர்ந்தது’ என்று காட்டும் வெறும் விகுதி. பெயரடையாக இருந்து, பிற்காலத்தில் ‘அழற்சி’ என்ற பொருளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

தமிழில் இதற்கு ரத்தக்குழாய் அழற்சி என்கிறோம், நாள அழற்சி என்றும் எழுதுகிறார்கள். நாளம் பழைய சொல். உள்ளே துளையுள்ள பூந்தண்டு, குறிப்பாகத் தாமரைத் தண்டு. நல்ல சொல்தான், ஆனால் திண்டுக்கல் சந்தையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மக்கள் வாயில் இருப்பது நரம்பு. ஊசி போட வரும் நர்ஸம்மா கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நரம்பே சிக்க மாட்டேங்குதுக்கா’ என்பார். குளுக்கோஸ் ஏற்றுவது நரம்பில். காலில் பச்சையாகப் புடைத்துச் சுருண்டால் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’. இவை அத்தனையும் சிரை, ரத்தக்குழாய். பாடநூல் மட்டும் நரம்பு என்ற சொல்லை மூளையிலிருந்து கிளம்பும் கம்பிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டது.

மக்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று சிரிக்க இடமில்லை. நரம்பு என்ற சொல்லுக்கு யாழின் தந்தியும் பொருள், தசையை எலும்போடு கட்டும் நாரும் பொருள், ரத்தக்குழாயும் பொருள். தோலுக்கடியில் நீளமாய், இழையாய் ஓடுகிற எதுவும் நரம்புதான். பாடநூல்காரர்கள் குறுக்கிய பொருளுக்கு வயது கொஞ்சம். இந்த நோயைப் பொறுத்தவரை மக்கள் மொழி இன்னொரு வகையிலும் உண்மைக்கு அருகில் வருகிறது. பாதம் மரத்துத் தொங்கிப்போவது பாடநூல் நரம்பின் கோளாறு. அது செயலிழந்ததோ, அதற்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டதால். ‘நரம்புல கோளாறு டாக்டர்’ என்று நோயாளி சொன்னால் இரண்டு அர்த்தத்திலும் சரி.

தமனி வடசொல், ஊதுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஆர்ட்டரி என்ற கிரேக்கச் சொல்லும் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்ததுதான். இறந்த உடலை அறுத்துப் பார்த்த பழங்காலத்தவர்க்குத் தமனி காலியாக இருந்தது, ஆகவே அதில் காற்று ஓடுகிறது என்று நினைத்தார்கள். இரண்டு தேசம், ஒரே தவறான காட்சி, ஒரே மாதிரிப் பெயர். ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை.

அழற்சிக்கு வருவோம். அழல் என்றால் தீ. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் தீ மூட்டுதல்தான். சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று அதன் நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் செல்சஸ் எழுதிவைத்தார். பழனிப் பக்கத்துச் சித்த வைத்தியருக்கு அழல் என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வரும். வளி, அழல், ஐயம் என்று வாத பித்த கபத்துக்குத் தமிழ்ப் பெயர் சொல்வார்கள். அதில் அழல் பித்தம். கலைச்சொல் ஆக்கியவர்கள் பித்தத்தை நினைத்து ‘அழற்சி’யைத் தேர்ந்தார்களா, தீயை நினைத்தா? தீயாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. எதுவானாலும் தமிழ்க் காதுக்குப் பொருள் தானாக விளங்கும் மருத்துவச் சொற்களில் இது ஒன்று.

இனி ஆன்கா. நான்கு எழுத்தில் முதல் ‘ஏ’ ஆன்டி, அதாவது எதிர்; ‘சி’ சைட்டோபிளாசம், அணுவில் கருவைச் சுற்றியுள்ள உடல். மற்ற இரண்டும் ஒரே மனிதரின் கைச்சரக்கு: ஜெர்மனியின் பால் எர்லிச். மாணவப் பருவத்திலேயே சாயப் பித்துப் பிடித்தவர். 1878இல் அவர் கொடுத்த பட்ட ஆய்வே சாயங்களைப் பற்றியது. கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி, அதன்மேல் அக்காலத்துப் புதுச் சாயங்களை ஊற்றிப் பார்த்தார். சின்னாளப்பட்டியில் சுங்குடிக்கும் பட்டுக்கும் சாயம் தோய்க்கிறவர்களுக்கு இதில் வியப்பில்லை. பட்டு பிடிக்கும் சாயத்தைப் பருத்தி பிடிக்காது. வெள்ளையணுக்களும் அப்படியே. இயோசின் என்ற சிவப்பு அமிலச் சாயத்தைப் பிடித்தது இயோசினோஃபில். காரச் சாயத்தைப் பிடித்தது பேசோஃபில். அமிலமும் காரமும் கலந்த நடுநிலைச் சாயத்தைப் பிடித்தது, 1880ஐ ஒட்டி அவர் வைத்த பெயரில், நியூட்ரோஃபில். ஃபில் என்றால் விரும்பி. நம் ரத்தத்தில் வெள்ளையணுக்களுள் பெரும்பான்மை இதுதான்; கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய்ச் சண்டையிட்டுச் சாவதும், சீழாகி வெளியே வருவதும் இதுதான். இவ்வளவு வேலை செய்யும் அணுவுக்கு அதன் தொழிலால் பெயர் கிடைக்கவில்லை. எந்தச் சாயம் ஒட்டியதோ அதனால் கிடைத்தது. ஆன்காவின் ‘என்’ அந்த நியூட்ரோஃபில்.

கடைசி ‘ஏ’ ஆன்டிபாடி. அதன் மூலமான ஜெர்மன் சொல்லை 1891இல் எர்லிச் கட்டுரையொன்றில் எழுதினார். எதிர் உடல் என்று நேர்ப்பொருள். தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிர்ப்பொருள். இலங்கைத் தமிழர் இன்னும் விளக்கமாகப் பிறபொருளெதிரி என்றார்கள்: வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எதிரி. சொல்லைக் கேட்டதும் வேலை விளங்கிவிடுகிறது. அந்த அளவில் நம்முடையதைவிட அது மேல். ஆனால் சிக்கலும் அங்கேதான். ஆன்கா சொந்த உடம்பின் நியூட்ரோஃபிலையே தாக்கும் எதிர்ப்பொருள். பிறபொருளெதிரி, தன்பொருளுக்கு எதிரியாகிவிட்டால் அதை என்ன சொல்லி அழைப்பது? தன்னெதிர்ப்பொருள் என்று தமிழ்நாட்டு வழியில் சொன்னால் முரண் இல்லாமல் முடிகிறது. பொதுவாகச் சொன்ன பெயருக்கு இந்த வசதி உண்டு, பின்னால் வரும் விதிவிலக்குக்கும் இடம்விட்டு வைக்கும்.

எர்லிச்சுக்கே இந்த விதிவிலக்கு பிடிக்கவில்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், உடல் தனக்கெதிராகவே நஞ்சு செய்துகொள்ள அஞ்சும் என்று வாதிட்டு, அந்த அச்சத்துக்கு ‘ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்’ என்று பெயரும் சூட்டினார். அவர் மரியாதை அப்படிப்பட்டது. தன்னெதிர்ப்பொருள் என்ற எண்ணமே பல பத்தாண்டுகள் தலைதூக்க முடியாமல் கிடந்தது. நியூட்ரோஃபில், ஆன்டிபாடி என்று இரண்டு சொல்லைத் தந்தவர், அவ்விரண்டையும் சேர்த்து ஒரு பெயர் பிறக்கும் என்று ஒப்பியிருக்க மாட்டார்.

பெயர் பிறந்த கதை 1982இல் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. மெல்போர்னில் டேவிஸும் உடன் உழைத்தவர்களும், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அங்கங்கே செத்துப்போன எட்டு நோயாளிகளின் ரத்தத்தில், நியூட்ரோஃபிலோடு ஒட்டும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டார்கள். அதற்கு அவர்கள் சந்தேகித்த காரணம், கொசு பரப்பும் ராஸ் ரிவர் என்ற வைரஸ். சந்தேகம் நிற்கவில்லை, கண்டது நின்றது. 1985இல் ஹாலந்தின் கிரோனிங்கனிலிருந்து வான் டெர் வௌட் குழுவினர், டென்மார்க்காரர்களோடு சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார்கள். வெகெனர் நோய் என்று அப்போது அழைத்த நோயில் இந்த எதிர்ப்பொருள் இருக்கிறது, நோயைக் கண்டுபிடிக்க இது கருவி, நோயின் வேகத்தை அளக்க இது குறி என்று இரண்டையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் வைத்த சுருக்கம் ஆன்கா அல்ல, ஏ.சி.பி.ஏ. அந்த நான்கெழுத்து இன்று முடக்குவாதத்துக்கான வேறொரு பரிசோதனையின் பெயர். பழைய கட்டுரையைப் புதிதாகப் படிக்கிற மாணவர் இங்கே தடுக்கி விழ வாய்ப்புண்டு.

1988இல் கோபன்ஹேகனில் இதற்கென்றே ஒரு பட்டறை கூடியது. பல ஊர் ஆய்வகங்களும் ஒரே முறையில் பார்க்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அதையொட்டி ஆன்கா என்ற பெயரும் அதன் இரண்டு பிள்ளைகளும் நிலைபெற்றன: சி-ஆன்கா, பி-ஆன்கா. ஆரோக்கியமானவரின் நியூட்ரோஃபிலைச் சில்லில் தடவி, எரிசாராயத்தில் நனைத்து நிலைப்படுத்தி, அதன்மேல் நோயாளியின் ரத்தநீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அணுவின் உடல் முழுக்கப் பச்சையாய்ப் பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் சி, சைட்டோபிளாசத்தின் முதலெழுத்து. கருவைச் சுற்றி வளையமாக ஒளிர்ந்தால் பி; கருவைச் சூழ்ந்தது என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

இந்தப் பி-யின் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1988இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில் ஊரில் ஃபாக், ஜென்னெட் இருவரும், இந்த எதிர்ப்பொருள் குறிவைப்பது மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியை என்று காட்டினார்கள். அந்த நொதிக்கே முதற்பெயர் வெர்டோபெராக்சிடேஸ். வெர்டோ என்றால் பச்சை. நொதியே பச்சை நிறம், சீழும் முற்றிய சளியும் பச்சை கட்டுவது இதனால்தான். இது நியூட்ரோஃபிலில் இருப்பது கருவுக்கு அருகிலா? இல்லை. சைட்டோபிளாசத்தில் உள்ள பொடி அறைகளில், சி-ஆன்கா குறிவைக்கும் நொதிக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எரிசாராயம் பட்டதும் அறைச்சுவர் கரைகிறது. நேர்மின்சுமை மிகுந்த மைலோபெராக்சிடேஸ், எதிர்மின்சுமையுள்ள கருவை நோக்கி நகர்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதே சில்லை ஃபார்மலினில் நிலைப்படுத்தினால் வளையமும் இல்லை, பி-யும் இல்லை. அணு முழுக்க ஒளிர்கிறது. உயிரோடுள்ள மனிதருக்குள் எங்குமே நடக்காத ஒன்றை, சாராயம் செய்த வேலையை, நோயின் அடையாளப் பெயராக வைத்துக்கொண்டு உலகமே கால் நூற்றாண்டுக்கு மேல் சீட்டு எழுதியது.

சி-யின் இலக்கு 1989, 90 வாக்கில் தெளிவானது: புரோட்டினேஸ் 3. நியூட்ரோஃபிலில் எலாஸ்டேஸ், கெதெப்சின் ஜி ஆகியவற்றோடு மூன்றாவதாக அடையாளம் கண்ட நொதி, ஆகவே 3. பெயரில் வெறும் வரிசை எண்தான் இருக்கிறது. பொய் ஏதும் இல்லை. 2017இல் வெளியான சர்வதேச உடன்பாடு, நுண்ணோக்கியில் சாயல் பார்ப்பதை முதல் படியாக வைக்கத் தேவையில்லை, இந்த இரண்டு நொதிகளுக்கும் எதிரான எதிர்ப்பொருளை நேரடியாக அளந்தாலே போதும் என்றது. அதனால் இன்றைய சீட்டில் பி.ஆர்.3-ஆன்கா, எம்.பி.ஓ-ஆன்கா என்று வருகிறது. என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் நேர்மையான பெயர்கள் இவை இரண்டே. தோற்றத்தை விட்டுவிட்டு, எதைத் தாக்குகிறதோ அதைச் சொல்கின்றன.

எதிர்ப்பொருளின் பெயர் இப்படி மாறிவந்தது போக, நோயின் பெயர் மாறியது வேறு காரணத்துக்காக. ஃபிரீட்ரிக் வெகெனர் 1907இல் ஜெர்மனியில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர். 1936இலும் 1939இலும், மூக்கும் நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றாகக் கெட்டு இறந்த மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் மெக்பிரைட் 1897இலும், ஜெர்மனியின் கிளிங்கர் 1931இலும் இதைத் தொட்டிருந்தார்கள். ஆனால் தெளிவாக வரைந்தவர் வெகெனர். 1954இல் நியூயார்க்கின் காட்மன், சர்க் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. 1989இல் அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி அவருக்கு விருது கொடுத்தது. மறு ஆண்டு இறந்தார்.

அதற்குப் பிறகுதான் தூசி கிளம்பியது. ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே, 1932இல், அவர் பழுப்புச் சட்டைப் படையில் சேர்ந்தவர். நாஜிக் கட்சி உறுப்பினர். போர்க்காலத்தில் போலந்தின் வூட்ஜ் நகரில், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ இருந்த ஊரில், வேலை பார்த்தவர். 2000இல் விருது திரும்பப் பெறப்பட்டது. 2006இல் வோய்வோட், மேட்டசன் ஆகியோர் ஆவணங்களைத் தோண்டி விரிவாக எழுதினார்கள். அவர் கையால் கொடுமை நிகழ்ந்தது என்று நிரூபணம் இல்லை. ஆனால் நோயாளியின் சீட்டில் நாளும் எழுதப்படும் மரியாதைக்கு இவர் உரியவரா என்ற கேள்வி நின்றது. 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகளும் அமெரிக்கச் சிறுநீரக அமைப்பும் சேர்ந்து பெயரை மாற்றின: கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ், சுருக்கமாக ஜி.பி.ஏ. சிறுமணித் திரளோடு கூடிய பல்குழாய் அழற்சி என்று தமிழில் விரிக்கலாம்.

மாற்றியது சரி என்பதே என் கட்சி. ஆனால் அடுத்து நடந்ததை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. இந்த நோய்க்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஆஸ்துமாவும் இயோசினோஃபில் பெருக்கமும் சேர்ந்து வருவது. 1951இல் பதின்மூன்று நோயாளிகளை வைத்து அதை விவரித்தவர்கள் ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ். இருவரும் யூதர்கள். 1930களில் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள். லோட்டே ஸ்ட்ராஸ் பிறந்த ஊர் நூரம்பெர்க். வெகெனர் பெயரை நீக்கியபின், கூடியவரை ஆட்கள் பெயர் வேண்டாம் என்று 2012இல் இந்நோய்களுக்குப் பெயர் வகுத்த சாப்பல் ஹில் மாநாடு நடந்துகொண்டது. சர்க்-ஸ்ட்ராஸ் நோய் ஈ.ஜி.பி.ஏ. ஆனது. நாஜியின் பெயரைத் துடைத்த துணியே, நாஜிகள் விரட்டிய இனத்தாரின் பெயரையும் துடைத்துக்கொண்டு போனது. 1954இல் வெகெனர் பெயருக்கு நிலைப்பேறு தந்த சர்க்கும் இதே ஜேக்கப் சர்க்தான்.

ஈ.ஜி.பி.ஏ.வின் முதலெழுத்து இயோசினோஃபிலைக் குறிக்கிறது. இயோஸ் கிரேக்க விடியல் தேவதை. அவள் சிவப்பு சாயத்துக்குப் போய், சாயத்தின் பெயர் அணுவுக்கு வந்தது. நம் ஊரில் இந்தச் சொல்லுக்குத் தனி வாழ்க்கை உண்டு. ‘எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று சொல்லாத பழைய இழுப்புக்காரர் குறைவு. குடற்புழுவாலும் யானைக்கால் புழுவாலும் அந்த அணு கூடுவது இங்கே சகஜம். ஆகவே எண்ணிக்கை கூடியதை மட்டும் வைத்து மேல்நாட்டு நூலைப் புரட்டக் கூடாது. முதலில் புழுவைத் தள்ளிவைக்க வேண்டும்.

காசநோயையும் அப்படித்தான். நுரையீரலில் குழி, சளியில் ரத்தம், எடை இழப்பு, காய்ச்சல் என்றால் தமிழ்நாட்டில் எந்த மருத்துவருக்கும் முதல் நினைப்பு டி.பி., அது நியாயமும்கூட. ஜி.பி.ஏ. நோயாளிகள் சிலர் இதனால் முதலில் காசநோய் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, பலன் இல்லாமல் பிறகு வருகிறார்கள். மூக்குத்தண்டு உட்கார்ந்துபோனால் தொழுநோய் சந்தேகமும் சேரும். இதன் மறுபக்கமும் உண்டு: காசநோய் உள்ள சிலருக்கே ஆன்கா பாசிட்டிவ் வரும், இதய வால்வில் கிருமி தங்கியவர்களுக்கும், தைராய்டுக்குச் சில மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். சீட்டில் பாசிட்டிவ் என்று அச்சாகிவிட்டதால் நோய் உறுதி என்று ஆகாது. கூடியவரை சதை எடுத்துப் பார்ப்பதே முடிவு சொல்லும்.

தமிழில் குறி என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அடையாளமும் குறி, குறத்தி கைபார்த்துச் சொல்வதும் குறி. 1985 கட்டுரை ஆன்காவுக்கு இரண்டு குறி வேலையையும் கொடுத்தது. முதல் வேலையில் அது தேறியது, அதிலும் உயிர் காக்கும் அளவுக்கு. 1958இல் பிரிட்டனின் வால்டன் கணக்கெடுத்தபோது, சிகிச்சையில்லாத வெகெனர் நோயாளிகளில் நூற்றுக்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். 1970களில் சைக்ளோஃபாஸ்பமைட் வந்து அதை மாற்றியது. அந்த மருந்தை இந்நோய்க்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரை நாம் கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தோம்: அந்தோனி ஃபாச்சி. மருந்து இருக்கிறது, சிறுநீரகம் சில வாரங்களில் போய்விடக்கூடும் என்ற நிலையில், சீக்கிரம் அடையாளம் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு விலை மதிப்பில்லை.

இரண்டாவது வேலையான குறி சொல்லுதலில் ஆன்கா அரைகுறை. அளவு ஏறினால் நோய் திரும்பும் என்று முதலில் நம்பினார்கள். அளவு ஏறியும் நோய் வராதவர் இருக்கிறார். ஏறாமலே திரும்பியவரும் இருக்கிறார். குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே இருந்து ஒரு தொந்தரவும் இல்லாதவர் உண்டு. சிறுநீரகத்தில் நோய் வந்தவர்களுக்கு மட்டும் ஏற்றத்தைச் சற்றுக் கூடுதலாக மதிக்க வேண்டும் என்கின்றன ஆய்வுகள். ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பின் 2022 வழிகாட்டுதல், ஆன்கா எண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்றாதே, ஆளைப் பார் என்கிறது. சிறுநீரில் ரத்தமும் புரதமும், கிரியாட்டினின், மூச்சு, மூக்கு, காது, பாதத்து மதமதப்பு. எண் அதற்குப் பின்னால்தான். ஒவ்வொரு ஆய்வகத்தின் கருவிக்கும் அளவு வேறு என்பதால், ஓரிடத்து 40ஐயும் இன்னோரிடத்து 60ஐயும் வைத்துக்கொண்டு ஏறிவிட்டது என்று பதறுவதில் பொருளில்லை.

குறியே இல்லாத குழாய் அழற்சிகளும் உண்டு, அவை நமக்கு இன்னும் நெருக்கம். 1908 என்ற ஒரே ஆண்டில் இரண்டு பெயர். ஜப்பானில் மிகிடோ தகயாசு என்ற கண் மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் பின்னிக் கிடந்ததைச் சொன்னார். பெருந்தமனி அழன்று, மணிக்கட்டில் நாடியே கிடைக்காமல் போகும் அந்நோய் இந்தியாவில் இளம்பெண்களிடம் காணப்படுகிறது. நம்பகமான எதிர்ப்பொருள் ஏதும் இல்லாததால், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து உழைத்து, ஆளைத் தொட்டும் கேட்டும் பார்த்து மதிப்பெண் போடும் இந்தியமுறை ஒன்றை உருவாக்கினார்கள்; ஐ.டி.ஏ.எஸ். 2010 என்று பெயர்.

மற்றது நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்தது. தின்னும் பர்கருக்கும் இதற்கும் உறவில்லை. கைகால் விரல்களுக்குப் போகும் குழாய் அடைத்து, விரல் கருத்து, கடைசியில் வெட்ட வேண்டிவரும் நோய். வருகிறவர்கள் அநேகமாகப் புகையிலைக்காரர்கள். திண்டுக்கல்லுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு உருட்டியது. இந்த வட்டாரப் புகையிலைதான் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் கப்பலேறியது. விளைந்த ஊருக்குப் பெயர் கிடைக்காத இன்னொரு கதை. பர்கர் நோயில் ஆன்கா முதலான எதிர்ப்பொருள்களைப் பார்ப்பது, அவை இல்லை என்று உறுதிசெய்யவே. எல்லாம் நெகட்டிவ் என்று வந்து, ஆள் பீடியோ சுருட்டோ குடிக்கிறவர் என்றால், மருந்துச் சீட்டில் முதல் வரி புகையிலையை அடியோடு நிறுத்து என்பதுதான். ஒன்றிரண்டாகக் குறைப்பது போதாது.

இப்போது திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தது. அங்கே முடியாததற்கு மதுரை ராஜாஜி மருத்துவமனை. எங்கே போனாலும் இந்நோய்க்காரர்கள் பழைய ஃபைலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 2009 சீட்டில் வெகெனர் என்றும் 2014இல் ஜி.பி.ஏ. என்றும் இருந்தால் இரண்டு நோய் என்று கலங்க வேண்டாம். அதேபோல் முதல் சீட்டில் சி-ஆன்கா என்றும் அடுத்ததில் பி.ஆர்.3 என்றும் இருந்தால் புதிதாக ஒன்று முளைத்துவிடவில்லை. அநேகமாக அது பழைய ஆளின் புதுப் பெயர். பி-ஆன்காவுக்கும் எம்.பி.ஓ.வுக்கும் அதே கணக்கு. பெயர் மாறியிருக்கிறதே என்று எண்ணிப் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதிவாரியாக அடுக்கி, மருத்துவர் கையில் முதலில் அவற்றைக் கொடுங்கள்.